ஆள் இல்லாத கட்டு

நான் குடியிருக்கும் கட்டிடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை ஒன்று இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் அதை த்வெத்ஸ்தூகா என்கிறார்கள். அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் பொதுவாக இரண்டே இயந்திரங்கள். அறை வாசலில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறது. அதில் கிழமைகளும் நேரங்களும் கட்டம் கட்டமாக எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை. வீட்டுக்கு ஒன்றாக விரல் நீளத்தில் பித்தளைப் பூட்டு கொடுத்திருக்கிறார்கள். வியாழன் மாலை துவைக்க வேண்டும் என்றால் வியாழன் மாலைத் துளையில் உங்கள் பூட்டைச் செருகி, சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த நேரம் உங்களுடையது. யாரிடமும் கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம், இந்த ஊர் வழக்கப்படி சிரிக்கக்கூட வேண்டாம். வந்த புதிதில் எனக்கு இங்கே ஒன்றுமே புரியவில்லை. மீனில் ஏன் சர்க்கரை போடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்டால் ஏன் கதவுக்குள் ஒளிந்துகொள்கிறார், எதுவும் விளங்கவில்லை. இந்தப் பலகை மட்டும் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. இதையேதான் ஜவ்வாது மலையில் நாங்கள் புல்லால் செய்கிறோம்.

விளங்கிவிட்டது என்று நினைத்தேன், அதுதான் வினை. ஒரு நாள் அழுக்குக் கூடையோடு கீழே போனபோது இரண்டு இயந்திரங்களும் சும்மா கிடந்தன. பலகையில் அந்த நேரத்தின் துளையில் மூன்றாம் மாடிக்காரரின் பூட்டு தொங்கியது. ஆளைக் காணோம். நான் ஓரமாக நின்றேன். அவர் வருவார், துவைப்பார், அடுத்த துளை காலியாக இருக்கிறது, அதில் என் பூட்டைப் போடலாம் என்று கணக்கு. வெகு நேரம் கழித்து எதிர்வீட்டு இங்கிரிட் அம்மையார் அந்தப் பக்கம் வந்தார். ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நேரத்துக்கு உயிரைக் கொடுப்பவர்.

"ஏன் நின்றுகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"மூன்றாம் மாடிக்காரருடைய நேரம் இது" என்றேன்.

"அவர்தான் வரவில்லையே. அரை மணிக்குள் துவைக்கத் தொடங்காவிட்டால் யார் வேண்டுமானாலும் துவைக்கலாம். இதோ எழுதியிருக்கிறது."

"பூட்டு இருக்கிறதே" என்றேன்.

அவர் பலகையின் அடியில் இருந்த விதியை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக, காது கேட்காதவனுக்குச் சொல்வதுபோல உரக்க வாசித்துக் காட்டினார். எனக்கு மொழி தெரியவில்லை என்று நினைத்துவிட்டார். மொழி தெரிந்தது. பூட்டு தொங்கும்போது இன்னொருவன் கையை வைப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு, அழுக்குத் துணியை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து அந்த அம்மையார் என்னிடம் பேசும்போதெல்லாம் சத்தமாகவே பேசுகிறார்.

மலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான் பிறந்தது நெல்லிவாசல் நாடு என்று மலைக்காரர்கள் சொல்லும் ஊர்த்தொகுதியில் ஒரு மூலை. சாமையும் கேழ்வரகும் விளைகிற சரிவுகள், புளியமரங்கள், நடந்தே தீர வேண்டிய பாதைகள். அங்கே சமதரை அபூர்வம். வீடு கட்டத் தோதான இடம் என்று ஊரில் யாருக்கும் பட்டா இல்லை. ஒரு இடம் உனக்கு வேண்டும் என்றால், அதன் மூலையில் ஒரு வேங்கைக் கம்பை நட்டு, கூரைப்புல்லை முறுக்கி, மூன்று சுற்று சுற்றிக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பெயர் கட்டு. கட்டு கிடக்கும் இடத்தில் ஆடுகூட மேய விடமாட்டார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆடு மேயும், ஆள் கம்பு ஊன்றமாட்டான். எங்கள் ஊரில் கட்டைப் பற்றிச் சண்டை வந்து நான் கேட்டதே இல்லை. கட்டியவன் அவிழ்த்தால் உண்டு. இல்லையென்றால் அவன் செத்து, கருமாதியன்று அவன் பிள்ளை அவிழ்க்க வேண்டும். உயிரோடிருப்பவனிடம் போய் உன் கட்டை அவிழ்த்துக் கொடு என்று கேட்பது, நீ செத்துவிட்டாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. அப்படிக் கேட்டவன் ஊரில் தலைகாட்ட முடியாது.

எனக்கும் அங்கே ஒரு கட்டு உண்டு. எழுபதுகளின் கடைசியில், கணியம்பாடிப் பக்கத்து விடுதியில் படித்து முடித்து, சென்னையில் இன்ஜினியரிங் சேர இடம் கிடைத்தபோது, அப்பா என்னை ஊற்றுக்குப் பக்கத்துச் சமதரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரிலேயே நல்ல இடம் அது. தண்ணீர் எட்டிய தூரத்தில், பாறை இல்லாத மண், மழை வெள்ளம் ஒதுங்கிப் போகும் மேடு. "போறதுக்கு முன்ன கட்டு போட்டுட்டுப் போ. எங்க போனாலும் உன் எடம் இங்க இருக்கும்" என்றார். கட்டினேன். என் தம்பி வெள்ளையன் அப்போது அரைக்கால் சட்டையோடு புல் எடுத்துக் கொடுத்தான். படித்து முடித்ததும் சென்னை, அப்புறம் பெங்களூர், எண்பதுகளின் நடுவில் இந்தக் குளிர் தேசம். இடையில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பனிக்காலத்தில் பிற்பகலிலேயே இருட்டி, அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நான் நினைத்துக்கொள்வது அந்தச் சமதரையைத்தான். எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்பதே பாதிக் கம்பளிக்குச் சமம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு மனதுக்குள் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். கதவு கிழக்குப் பார்த்து, ஊற்றுச் சத்தம் கேட்கிற மாதிரி.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது. நான் வேலை செய்யும் இடத்தில் பால் பண்ணைகளுக்கான கணினி அமைப்புகளைச் செய்கிறோம். பாலைச் சூடாக்கிக் குளிரவைக்கும் குழாய்களின் வெப்பத்தை அளக்க, கணினிக்குள் ஒரு அட்டையைச் செருகியிருப்பார்கள். அந்த அட்டையோடு பேசும் நிரலை எழுதுவது என் வேலை. அதை டிரைவர் என்பார்கள். மற்ற எல்லா நிரல்களையும் கட்டி மேய்க்கும் கெர்னல் என்ற நடுப்பகுதிக்குள் அது உட்கார்ந்திருக்கும். வெளியில் இருக்கும் அட்டைகளோடு பேசக் கணினிக்கு எண்ணிட்ட வாசல்கள் உண்டு, போர்ட் என்று பெயர். எனக்கு ஒரு சேதி இருக்கிறது என்று அட்டை கெர்னலைக் கூப்பிட ஒரு கம்பி உண்டு, அதற்கு இன்டரப்ட் லைன் என்று பெயர். வாசல்களும் கம்பிகளும் மலையில் சமதரை போலத்தான், கொஞ்சமே உண்டு. ஒரே வாசலில் இரண்டு டிரைவர்கள் புகுந்தால், ஒன்று பாலின் சூட்டைக் கேட்கும், பதில் அச்சு இயந்திரத்திலிருந்து வரும். அதனால் எங்கள் கெர்னலில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். கணினி எழுந்திருக்கும்போது ஒவ்வொரு டிரைவரும் தனக்கு வேண்டிய வாசல்களையும் கம்பியையும் முதலில் தன் பேரில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வேறொருவர் பேரில் ஏற்கெனவே இருந்தால் கெர்னல் சொல்லிவிடும். விலகிப்போகும் டிரைவர், பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

முதல் நாள் இந்த ஒழுங்கை எனக்கு விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். மலையை விட்டு இவ்வளவு தூரம் வந்து, மறுபடியும் கட்டு போடுகிற வேலைதானா என்று. வேலை எனக்கு ஓடிற்று. என் டிரைவர் நாகரிகமாக நடந்துகொண்டது. கேட்கும் வாசல் காலியாக இருந்தால் தன் பேரைப் போட்டுக்கொள்ளும். வேறொருவர் பேர் இருந்தால் அவர் விடும்வரை ஓசையில்லாமல் தூங்கிக் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வடக்கே ஒரு பால் பண்ணையில் பழைய அட்டையைக் கழற்றிவிட்டு எங்கள் புதிய அட்டையைப் போட்டார்கள். மறுநாள் காலையில் கணினியை எழுப்பினால், பாதியில் நின்றுவிட்டது. பச்சை எழுத்துத் திரையில் கடைசி வரி அப்படியே கிடந்தது. நானும் என் மேலாளர் குன்னாரும் காரில் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பால் லாரிகள் வரிசையாக நின்றன. சூடேற்றும் குழாய் ஓடவில்லை. பாலை வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர்கள் எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. குன்னார் பொறுமைசாலி, திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நோண்டிக் கண்டுபிடித்தார். பழைய அட்டைதான் போயிற்று, அதன் டிரைவரைக் கெர்னலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அது வழக்கம்போல எழுந்து, வாசல்களைத் தன் பேரில் பிடித்துக்கொண்டு, அட்டையைத் தேடியிருக்கிறது. அட்டை இல்லை என்று தெரிந்ததும் பிழை சொல்லிவிட்டுப் போய்விட்டது. பிடித்ததை விடவில்லை. அதே வாசல்கள் எங்கள் அட்டைக்கு வேண்டும். என் டிரைவர் அதன் பேரைப் பார்த்துவிட்டு, வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.

"காத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாய்?" என்று குன்னார் கேட்டார். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பிடித்தவர் விடுவார் என்று."

"யார் பிடித்தவர்? ஆளே இல்லையே. பேர் மட்டும்தான் இருக்கிறது."

"பேர் இருக்கும்போது..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"இல்லாத ஒருவனுக்காக இடத்தைக் காவல் காக்கிறாய். அவனுக்கும் லாபம் இல்லை, உனக்கும் இல்லை. வெளியே பால் நிற்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் காப்பி எடுக்கப் போனார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்வீடன்காரர்கள் பெரிய விஷயத்தை எப்போதும் காப்பி எடுக்கப் போகும்போதுதான் சொல்வார்கள்.

அன்றே சரிசெய்தோம். பழைய டிரைவர் தன் அட்டையைக் காணாவிட்டால், கடைசியாகப் பிடித்ததை முதலில், முதலில் பிடித்ததைக் கடைசியில் என்று தலைகீழ் வரிசையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எழுதினோம். என்னுடையது காத்திருக்காமல், இன்னார் பிடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வெளியேறும்படி மாற்றினேன். மாலையில் பால் ஓடியது. குன்னார் என் தோளைத் தட்டினார். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. காரில் திரும்பும் வழியெல்லாம் ஒரே வாசகம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது: ஆளே இல்லையே, பேர் மட்டும்தான் இருக்கிறது. அவர் டிரைவரைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு என்னவோ என்னைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.

ஜூலையில் இந்த நாடே விடுமுறையில் படுத்துவிடும். நான் ஊருக்குக் கிளம்பினேன். ஆடித் திருவிழாவுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று ஆசை. திருப்பத்தூர் வரை பஸ், அங்கிருந்து ஆட்களும் உப்பு மூட்டையும் ஏற்றிய ஜீப், அப்புறம் நடை. வெள்ளையன் ஜீப் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்வதற்குள் என் பெட்டியைத் தலைக்குத் தூக்கிவிட்டான். ரொம்ப மெலிந்திருந்தான். வீட்டைப் பற்றிக் கேட்டேன். "கீது, கீது" என்று மழுப்பிக்கொண்டே நடந்தான்.

வீடு இருந்த லட்சணத்தைப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. போன ஐப்பசி மழையில் சரிவு மண் இறங்கி, மேற்குப் பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. திறந்து கிடந்த பக்கத்தை மூங்கில் தட்டியாலும் பழைய சாக்காலும் மறைத்திருந்தார்கள். இன்னொரு மழைக்கு மிச்சமும் இறங்கும் என்று எனக்கே தெரிந்தது. தம்பி மனைவி மல்லிகா இடுப்பில் குடத்தோடு ஊற்றிலிருந்து ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. ஊற்றிலிருந்து அந்தச் சரிவுக்கு ஏறுவது லேசான காரியம் இல்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "வாங்க மாமா" என்றாள். அந்த 'வாங்க'வில் மரியாதை இருந்தது, சந்தோஷம் இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

சாப்பிடும்போது விஷயம் வெளியே வந்தது. மல்லிகாவின் அண்ணன் கண்ணமங்கலம் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறார். அங்கேயே ஒரு குடிசை பார்த்துத் தருகிறேன், மலையை விட்டு இறங்கி வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். திருவிழா முடிந்ததும் இறங்குவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டு களியை உருட்டினான். மலையை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கப் பிடிக்காதவன் அவன்.

"இன்னாடா இது? ஊத்தாண்ட அந்த எடம் சும்மாதானே கெடக்குது. அங்க கட்டிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"அது உன்னுதுண்ணே" என்றான், நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி.

"நான் எங்கேயோ கெடக்குறேன். கட்டு போட்டு எத்தினி வருசம் ஆவுது, இன்னுமா கீது?"

மல்லிகாதான் பதில் சொன்னாள். அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவளுக்கு அப்போது பொங்கிக்கொண்டு வந்தது.

"எப்டி மாமா இல்லாம போவும்? ஒவ்வொரு மழையும் வுட்ட ஒடனே இவரு மொதல்ல அங்கதான் ஓடுறாரு. எங்க வூட்டுச் செவுரு வுழுந்து கெடக்குது, அத்தக் கூட பாக்காம புல்ல அறுத்து முறுக்கி உங்க கட்டக் கட்டினு நிக்கிறாரு. அந்தப் புல்லுல பாதி இருந்தா இந்தப் பக்கத்த மூடி இருக்கலாம்."

"சும்மா கெட" என்றான் வெள்ளையன்.

"இன்னாத்துக்குச் சும்மா கெடக்கணும்? ஒரு தபா, ஒரே ஒரு தபா கட்டாம வுட்டுட்டீங்கன்னா அதுவா மக்கிப் போயிருக்கும். ஊர்ல ஒருத்தரும் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டாங்க."

கூரைப்புல் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது என்பது மலையில் பிறந்த எவனுக்கும் தெரியும். வெளியூர் போனவன் கட்டைக் கூடப்பிறந்தவன் புதுப்பிப்பான் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்த நான், இத்தனை பனிக்காலத்திலும் அந்த இடத்தை நினைத்துக் குளிர் காய்ந்தவன், அதை யார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் யோசித்ததில்லை. கட்டு அதுபாட்டுக்கு நிற்பதாக நினைத்திருந்தேன். அது என் தம்பியின் கையால் நின்றுகொண்டிருந்தது. அவன் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும், ஊரின் நல்ல இடம் அவனுக்கு வந்திருக்கும். ஒன்றும் செய்யாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"நாளைக்கே அவுத்துடறேன்" என்றேன்.

வெள்ளையன் எழுந்தே விட்டான். "வாணாம்ணே. அவசரத்துல பேசாத. நீ அவுத்துட்டா பங்குல பேரு கூப்புட மாட்டாங்க."

இதையும் சொல்ல வேண்டும். ஆடித் திருவிழாவில் கெடா வெட்டிப் பொங்கலிட்ட பிறகு, ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ஊரில் வீடோ கட்டோ உள்ளவனுக்குத்தான் பேர் உண்டு. பேர் வந்தவன் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று சொல்லி இலையில் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் வெளியூரில் இருந்தால் கூடப்பிறந்தவன் அவனுக்காகக் குரல் கொடுக்கலாம். நான் போன நாளிலிருந்து என் பேருக்கு வெள்ளையன்தான் "கீறாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். கட்டை அவிழ்த்தால் அது நின்றுவிடும். உயிரோடு அவிழ்ப்பவன் மலையை விட்டே போய்விட்டவன் என்று கணக்கு.

"நீ எறங்கிப் போய்ட்டா என் பேருக்கு யாருடா பதில் சொல்லுவா?" என்று கேட்டேன். "நான் கீறேன்னு சொல்லிச் சொல்லியே நீ இல்லாம போவப் போற. அது எனக்கு வாணாம்."

அவன் அழுதான். மீசை வைத்த ஆள், குழந்தை மாதிரி முழங்கையால் கண்ணைத் துடைத்தான். நானும் அழுதேன். மல்லிகா மட்டும் அழாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு வீடு வேண்டும், எங்கள் அழுகை அவளுக்கு என்னத்துக்கு?

மறுநாள் காலையில் ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஊற்றுக்குப் போனோம். என்னைவிடச் சில வயதே மூத்தவர், சின்ன வயதில் என்னோடு புளியங்காய் பறித்தவர்தான். இப்போது தோளில் துண்டு போட்டதும் முகத்தில் ஒரு கனம் வந்திருந்தது. கட்டு புத்தம் புதிதாக இருந்தது. புல் இன்னும் முழுக்கக் காயவில்லை, தை மாதமே ஒரு முறை மாற்றி, போன வாரத்து மழைக்குப் பிறகு மறுபடியும் மாற்றியிருக்கிறான். வேங்கைக் கம்புகூட நான் நட்டது இல்லை. அது மக்கிப்போய் வேறு கம்பு நட்டிருக்கிறான். என்னுடையது என்று அங்கே மிஞ்சியிருந்தது பேர் மட்டும்தான்.

"அண்ணாமல, நல்லா ரோசன பண்ணிட்டியா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பண்ணிட்டேங்க."

"அவுக்கறவன் அடுத்தாப்புல எங்க கட்டப் போறேன்னு சொல்லணும். அப்பதான் அவுக்கலாம். எங்க கட்டப் போற?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியாது. உயிரோடிருப்பவன் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. எங்கே கட்டப் போகிறேன்? வருடத்துக்கு வருடம் முத்திரை குத்திக்கொடுக்கும் அனுமதியின் பேரில் இருக்கும் நாடு, மாத வாடகைக்கு இருக்கும் அறை. யோசித்துப் பார்த்தால் அந்த நாட்டில் என் பேரில் நான் பிடித்து வைத்திருப்பது துவைக்கும் பலகையில் ஒரு துளைதான்.

"இப்ப கீற ஊர்லயேங்க" என்றேன்.

"அங்க உனக்கு எடம் வுட்டிருக்காங்களா?"

"வுட்டிருக்காங்க."

அவர் தலையசைத்தார். வெள்ளையன் திரும்பி நின்றுகொண்டான். கடைசிச் சுற்றை முதலில், முதல் சுற்றைக் கடைசியில் என்று அவிழ்த்தேன். பால் பண்ணையில் நாங்கள் எழுதிய வரிசை. புல்லை ஊற்று நீரில் விட்டோம், அது சுழன்று பாறை இடுக்கில் போய்விட்டது. உடனே வெள்ளையன் கட்டவில்லை. ஊர்க்கவுண்டர் இரண்டு முறை சொன்ன பிறகு, புல்லை எடுத்து முறுக்கினான். இந்த முறை புல் எடுத்துக் கொடுத்தது நான்.

அந்த வாரமே கல் சுமக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊரே வந்து கை கொடுத்தது. மல்லிகா என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தாள். கண்ணமங்கலத்துக்கு வரவில்லை என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதை அவிழ்த்தேன் என்று திருவிழா அன்றுதான் தெரிந்தது.

பொங்கல் இறக்கியதும் ஊர்க்கவுண்டர் மனைவி என்னைத் தேடி வந்து, முன்னால் போட்ட பாயில் உட்காரச் சொன்னார். எல்லாருக்கும் முன்னதாக எனக்குப் பெரிய இலை போட்டு, நல்ல துண்டங்களாகப் பார்த்து வைத்தார்கள். "சாப்புடுங்க" என்றார்கள், சின்ன வயதில் என் மூக்கைத் துடைத்துவிட்ட பெண்கள்கூட 'ங்க' போட்டுச் சொன்னார்கள். அது விருந்தாளிக்குக் கொடுக்கிற இலை. நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு "கீறேன்". எங்கள் குடும்பத்து வரிசை வந்தது. என் பேர் வர வேண்டிய இடத்தில் ஊர்க்கவுண்டர் நிறுத்தாமல், "வெள்ளையன்" என்றார். வெள்ளையன் வாயைத் திறந்துவிட்டான். பழக்கதோஷம், அவன் முதலில் சொல்ல வேண்டியது என் பேருக்கல்லவா. "கீறா..." என்று பாதி வந்துவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்தான். நான் பத்தடி தூரத்தில், கை கழுவி, வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்தேன். "கீறேன்" என்று மாற்றிச் சொன்னான். குரல் எழும்பவில்லை. ஊர்க்கவுண்டர் இன்னொரு முறை கேட்க வேண்டியதாயிற்று.

இத்தனை வருடங்கள் நான் அங்கே இல்லாதபோதெல்லாம் இருந்தேன். அன்றைக்கு இருந்தும் இல்லை. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் இங்கே வந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. வெள்ளையன் வீட்டுக்குக் கூரை போட்டு, அந்த ஐப்பசி மழையைச் சொட்டுக்கூட ஒழுகாமல் தாண்டிவிட்டார்கள் என்று சேதி வந்தது. கதவு கிழக்குப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவனாகத்தான் வைத்திருக்கிறான். குன்னார் என் டிரைவரை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். யாருக்காகவும் காத்திருப்பதில்லை, போகும்போது எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, ரொம்பச் சுத்தம் என்கிறார். தலையாட்டிக்கொள்கிறேன்.

இந்த ஆடியில் விடுப்பு இருந்தும் நான் போகவில்லை. திருவிழா நாளன்று காலையில், எனக்கே காரணம் சொல்லத் தெரியாமல், அடித்தளத்துக்கு இறங்கிப்போய், அந்த நேரத்துத் துளையில் என் பூட்டைச் செருகிச் சாவியைத் திருப்பினேன். துவைக்க ஒரு கைக்குட்டைகூட இல்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். பேர் கூப்பிடும் நேரம்தான் அது, மலையில் அப்போது பிற்பகல். இங்கிரிட் அம்மையார் கூடையோடு வந்தார். பலகையைப் பார்த்தார், காலி இயந்திரங்களைப் பார்த்தார், வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்கள் துவைக்கவில்லையா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"இல்லை."

"பிறகு எதற்குப் பூட்டு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, என் பக்கத்தில், மரியாதையாக, அரை மணி முடியும்வரை நின்றார். முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். இயந்திரத்தில் அவர் துணி சுற்றத் தொடங்கியது. பலகையில் என் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.